பத்தியம் முறிந்த வீடு

என் புருஷனைக் கொன்றது வெறிநாய். இதை ஒரே வரியில் எழுதிவிட முடிகிறது எனக்கு. எங்கள் ஊரில் விசாரித்தால் வேறு மாதிரி சொல்வார்கள். மரியாதை தெரிந்த ஜனங்கள், முகத்துக்கு நேரே எதுவும் சொல்ல மாட்டார்கள். "பத்தியம் முறிஞ்சு போச்சுங்க, பாவம்" என்று இழுப்பார்கள். பத்தியம் தானாக முறியுமா? சமைத்துப் போட்டவள் ஒருத்தி இருக்க வேண்டும் அல்லவா? அந்த ஒருத்தி நான்தான்.

நான் பிறந்தது ராசிபுரத்தில். அப்பா நெய் வியாபாரி. ஐந்தாம் வகுப்புவரை என்னைப் படிக்க வைத்தார்; அதற்குமேல் படித்தால் மாப்பிள்ளை கிடைக்காது என்று யாரோ சொன்னதைக் கேட்டு நிறுத்திவிட்டார். நாமக்கல் போகிற வழியில் ஒரு மேட்டுக்காட்டுக் குடும்பத்தில் கட்டிக் கொடுத்தார்கள். மாமனார் இல்லை. மாமியார், என் புருஷன், கல்யாணம் ஆகாத கொழுந்தன், அவ்வளவுதான் வீடு. என் மகள் நடை பழகிக்கொண்டிருந்த வருஷம், கடலை பிடுங்கும் சமயத்தில் அது நடந்தது.

எங்கிருந்தோ வந்த நாய் ஒன்று பட்டிக்குள் புகுந்து ஆட்டுக்குட்டியைக் கவ்வியது. இவர் விலக்கப் போனார். மணிக்கட்டுக்கு மேலே நன்றாகப் பல் இறங்கிவிட்டது. வாயில் நுரை ஒழுக, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அது அடுத்த காட்டுக்குள் ஓடியது. அங்கே அடித்துக் கொன்றார்கள். இவர் கையைக் கழுவி, ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு, மிச்சக் கடலையையும் பிடுங்கி முடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார். வேலை என்றால் அவருக்கு அப்படி ஒரு பிடிவாதம்.

நாய் கடித்தால் என்ன செய்வது என்று எங்கள் பக்கத்தில் யாரும் யோசித்ததே இல்லை. வேர் கொடுக்கிற வைத்தியர் ஒருவர் பக்கத்து ஊரில் இருந்தார். அவருடைய அப்பாவும் அதைத்தான் கொடுத்தார். அவரை மோசக்காரர் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. மோசக்காரராக இருந்திருந்தால் எல்லாம் எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். காலணா வாங்க மாட்டார். வாங்கினால் வேர் பலிக்காது என்பார். யார் வந்து கூப்பிட்டாலும் உண்டுகொண்டிருக்கிற சோற்றை விட்டு எழுந்து வருவார். சின்னக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்தால் அவருக்கே கண் கலங்கிவிடும். அவர் வாசலில் எப்போதும் இரண்டு மூன்று வாழைத்தார் சாய்த்து வைத்திருக்கும். கடிபட்டுப் பிழைத்தவர்கள் வருஷா வருஷம் கொண்டுவந்து வைக்கிற தார்கள். அதைப் பார்த்தாலே வந்தவனுக்குப் பாதி பயம் போய்விடும்.

எங்களுக்கும் போயிற்று. வேரை ஆட்டுப்பாலில் அரைத்து வெறும் வயிற்றில் கொடுத்தார். பிறகு ஒரு கொத்து வேப்பிலையை இவரிடம் நீட்டினார். உடம்பில் விஷம் இருந்தால் வேப்பிலை இனிக்குமாம், இறங்கிவிட்டால் கசக்குமாம்.

"மென்னு பாரு தம்பி. கசக்குதா?"

"கசக்குதுங்க."

"அப்ப எறங்கிப் போச்சு. இனிப் பத்தியந்தான் முக்கியம். அது உங்கூட்டுக்காரி கையில இருக்குது."

என்னைப் பார்த்துத்தான் சொன்னார். அன்பாகத்தான் சொன்னார். ஒரு மண்டலம் பத்தியம். எள், நல்லெண்ணெய், பூசணி, அகத்திக்கீரை, கோழி, கருவாடு எதுவும் ஆகாது. தாளிக்கிற வாசம் மூக்கில் ஏறக் கூடாது. வெண்கலப் பாத்திரம் விழுகிற சத்தம் காதில் படக் கூடாது. கண்ணாடி பார்க்கக் கூடாது. வீட்டு விலக்கான பெண்ணின் நிழல் மேலே விழக் கூடாது. நான் பாடம் படிக்கிற பிள்ளையைப் போல எல்லாவற்றையும் மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வீடு வந்தேன். ஒரு குடியானவன் வீட்டில் இவ்வளவையும் யாராவது காப்பாற்ற முடியுமா என்று அன்றைக்கு எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

என் அண்ணன் சேலத்தில், செவ்வாய்ப்பேட்டை மளிகை மண்டி ஒன்றில் வேலையாக இருந்தார். சேதி கேட்டு ஓடி வந்தார். சேலம் பெரிய ஆஸ்பத்திரியில் நாய்க்கடிக்கு ஊசி போடுகிறார்கள், தொப்புளைச் சுற்றித் தினம் ஒன்றாக இரண்டு வாரம் போட வேண்டும், இன்றைக்கே கிளம்பலாம் என்றார். மாமியார் அவருக்கு மோர் கொடுத்து, உட்கார வைத்து, பொறுமையாகத்தான் பதில் சொன்னார்.

"ஊசி போட்டா வேரு வேல செய்யாதுங்களாம். வைத்தியரு கண்டிசனாச் சொல்லிப் போட்டாரு. அதுமில்லாம போற எடத்துல ஓட்டல் சோறு. பத்தியம் என்னத்துக்காகறது?"

"ஊசி போட்டா பத்தியமே வேண்டாமுங்க" என்றார் அண்ணன்.

பத்தியமே வேண்டாத வைத்தியம் ஒரு வைத்தியமா என்கிற மாதிரி மாமியார் அவரைப் பார்த்தார். ஊசி போட்ட ஒருவனுக்கு இரண்டு காலும் விழுந்துபோன கதையையும் சொன்னார். அது முழுப்பொய் இல்லை. அந்தக் காலத்து ஊசியில் அபூர்வமாக அப்படி ஆவதுண்டு என்று பின்னால் தெரிந்துகொண்டேன். என் புருஷன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "வேப்பல கசந்துருச்சுங்க மச்சான்" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

மண்டலம் நல்லபடியாக முடிந்தது. வைத்தியர் வந்து பார்த்து, தலைக்கு ஊற்றச் சொன்னார். வாழைத்தார் கொண்டுபோய் வைத்தோம். வீட்டில் எல்லாரும் சிரித்துப் பேசினோம். அதற்குப் பிறகு சில நாள் கழித்துத்தான் ஆறிப்போன தழும்பில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்று சொறிந்துகொண்டே இருந்தார். அடுத்து தூக்கம் போயிற்று. ஒரு நாள் காலை கம்பங்கூழை வாயருகில் கொண்டுபோனவர் தொண்டையைப் பிடித்துக்கொண்டு கலயத்தை வீசினார். தண்ணீரைப் பார்த்தால் உடம்பு தூக்கிப் போட்டது. கதவைத் திறந்து காற்று மேலே பட்டாலும் அப்படியே. இழுப்பு நின்றதும் தெளிவாகப் பேசுவார். அந்தத் தெளிவைத்தான் என்னால் இன்றும் தாங்க முடியவில்லை. "புள்ளய இந்தப் பக்கம் உடாத" என்று என்னிடம் சொன்னவர், தன்னைக் கட்டிப் போடும்படி தம்பியிடம் அவரே கேட்டுக்கொண்டார்.

வைத்தியரை அழைத்து வந்தார்கள். அவர் வாசலில் நின்று பார்த்ததுமே அழுதுவிட்டார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பத்தியம் முறிஞ்சிருக்குது" என்றார். எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள்.

நான் யோசித்தேன். உண்மையிலேயே யோசித்தேன். அவர் உயிருக்கு உதவும் என்று நம்பி, அத்தனை நாள் சமையலையும் நினைவுக்குக் கொண்டுவந்து தேடினேன். ஒரு நாள் கொழுந்தனுக்கும் எனக்கும் நல்லெண்ணெயில் மிளகாய் வதக்கியது ஞாபகம் வந்தது. அதே வடைச்சட்டியில்தான் மறுநாள் அவருக்குக் கத்தரிக்காய் வேகவைத்தேன்.

"வடச்சட்டியக் களுவித்தான் வெச்சேனுங்க" என்றேன்.

அந்த வாக்கியம் போதுமானதாக இருந்தது. உள்ளே இருந்து இவர், "அவ மேல பளி போடாதீங்க ஆத்தா, அது நாய் செஞ்சது" என்று கத்தினார். விஷம் ஏறியவன் பேச்சு என்று சொல்லிவிட்டார்கள். ஒரு மனிதன் சாகும்போது தன் பெண்டாட்டிக்காகச் சொன்ன சாட்சி அப்படித் தள்ளுபடி ஆயிற்று. மறுநாள் போய்விட்டார்.

அதன் பிறகு அந்த வீட்டில் நான் அடுப்பைத் தொடவில்லை. யாரும் தொடாதே என்று சொல்லவில்லை. நான் எழுவதற்கு முன்னால் மாமியார் எழுந்து சமைத்துவிடுவார். நான் காட்டுக்கும் மாட்டுக்கும் ஆனேன். சில வருஷத்தில் கொழுந்தனுக்குக் கல்யாணமாகி அவர் மனைவி வந்தாள். வந்த மூன்றாம் நாளே அடுப்படி அவள் கைக்குப் போயிற்று. என் மகளுக்கு நான் மடியில் வைத்து ஊட்டியதெல்லாம் மறந்துபோயிற்று. ஒருமுறை சந்தையில் பணியாரம் வாங்கி நீட்டினேன். கையை நீட்டி வாங்கினாள், தின்னவில்லை. அப்பா எப்படிச் செத்தார் என்று அவளுக்கு யார், எத்தனை தடவை, எப்படிச் சொல்லியிருப்பார்கள் என்று அப்போது புரிந்தது. அவளை எப்படியாவது நம்ப வைத்துவிட வேண்டும் என்பதைத் தவிர வேறு ஆசை எனக்கு இருக்கவில்லை. ஆனால் எதைச் சொல்லி? எனக்கே தெரியவில்லையே. சாம்பல் போட்டுக் கழுவினேனா, வெறும் தண்ணீரில் அலசினேனா என்று அந்த வடைச்சட்டியை மனதில் கழுவிக் கழுவி எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை.

யுத்தம் வந்து, கரியில் ஓடும் பஸ்கள் வந்த காலம். கொழுந்தனின் மகன், சின்னப் பையன், தெருவில் விளையாடுகையில் நாய் கடித்துவிட்டது. இந்த நாய் மறுநாள் தானாகவே செத்தது. அண்ணனைத் தன் கையாலேயே கட்டிப் போட்டவர் அல்லவா, கொழுந்தன் பதறிப் போய் என்னிடம் வந்தார்.

"அண்ணி, உங்க அண்ணனூட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. ஊசி போட்டுரலாம்."

மாமியார் முதலில் ஒப்பவில்லை. பிறகு வேரும் கொடுத்து, வேப்பிலையும் மென்று, பத்தியமும் காத்துக்கொண்டு, ஊசியும் போட்டுக்கொள்ளட்டும் என்று இறங்கி வந்தார். பையனின் தாய் மாசமாக இருந்தாள். நான்தான் போக வேண்டும், நான்தான் சமைக்க வேண்டும். கிளம்பும்போது மாமியார் என் முகத்தைப் பார்க்காமல், "சாமி, எள்ளு நெனப்பிருக்கட்டும்" என்றார்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ஊசிக்குக் காத்திருக்கும் வரிசையில் என் பக்கத்தில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். வெள்ளைச் சேலை. மடியில் மகன். எங்களுக்குத் தெற்கே ஏதோ ஒரு ஊர்.

"இவங்கப்பனுக்கும் நாய்தானுங்க" என்றாள். "அப்ப வேரு மட்டுந்தான் குடுத்தோம்."

நான் அவள் பக்கம் நகர்ந்தேன். "பத்தியம் முறிஞ்சுதுன்னாங்களா?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"எங்கூட்லயும் அதேதானுங்க. எள்ளெண்ண."

"எனக்குப் பூசணிக்காய்ங்க. நான் ஆக்கவே இல்ல. பந்தல்ல காச்சுக் கெடந்துச்சு. அவரு அதப் பாத்துட்டாருன்னாங்க."

நாங்கள் இருவரும் சிரித்துவிட்டோம். ஆஸ்பத்திரியில் விதவைகள் இரண்டு பேர் சிரிக்கிறார்களே என்று எல்லாரும் பார்த்தார்கள். அவள் ஊரில் இன்னொரு வீட்டில் பக்கத்து வீட்டுத் தாளிப்பு வாசமாம். வேறொரு வீட்டில் மருமகளின் நிழல். அவள் சொல்லச் சொல்ல எனக்குச் சிரிப்பு நின்றுபோய் உடம்பெல்லாம் கோபம் ஏறிக்கொண்டே வந்தது. வைத்தியர் வாசலில் வாழைத்தார் வைத்தவர்கள் எல்லாரும் பிழைத்தவர்கள். கடிக்கிற நாய் எல்லாம் வெறிநாயா? அவர்களில் பெரும்பாலானவர்கள் வேர் தின்னாவிட்டாலும் பிழைத்திருப்பார்கள். செத்தவன் வாழைத்தார் கொண்டுவருவதில்லை. அவன் வீட்டில் ஒருத்தி மூலையில் உட்கார்ந்து வடைச்சட்டியை நினைத்துக்கொண்டிருப்பாள்.

அப்பா நெய்யைச் சோதிப்பது ஞாபகம் வந்தது. புறங்கையில் தேய்த்து மோந்து பார்ப்பார். கலப்படம் என்றால் தலையை ஆட்டிவிடுவார், டின்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அப்படித் திருப்பிய டின்கள் எத்தனையோ. இந்த வேப்பிலைச் சோதனையில் மட்டும் இதுவரை ஒருவராவது தோற்றது உண்டா? இனிக்கிறது என்று யாராவது சொன்னால் கசக்கிறவரை வேர் கொடுப்பார்கள். கசந்தவன் செத்தால் பத்தியம். எந்தப் பக்கம் விழுந்தாலும் வேருக்குக் குறைவில்லை, சமைத்தவளுக்குத்தான் குறை. இது எனக்குத் தெரிய இத்தனை வருஷம் ஆயிற்றே என்று தலையில் அடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது.

ஆனாலும் தெரிவது வேறு, துணிவது வேறு. ஊசிகள் முடியப்போகிற ஒரு நாள் செவ்வாய்ப்பேட்டைக் கடைத்தெருவில் பையன் எள்ளுருண்டையைப் பார்த்துவிட்டு நகர மாட்டேன் என்றான். பத்தியச் சோறு தின்று தின்று அவன் நாக்கு செத்துப்போயிருந்தது. வாங்கினேன். வாங்கிவிட்டேனே தவிர, கொடுக்கக் கை வரவில்லை. ஒன்றுமில்லை என்று மனதுக்கு நன்றாகத் தெரிந்திருந்தும் உருண்டையைக் கைக்குள் மூடிக்கொண்டேன். அடுத்தவள் பெற்ற பிள்ளை. எனக்கு அவர் தொண்டையைப் பிடித்துக்கொண்டு நின்றதுதான் கண்ணில் வந்தது. பையன் என் விரல்களைப் பிரித்து எடுத்துக்கொண்டான். நான் பிடுங்கவில்லை. அண்ணன் வீடு போய்ச் சேரும்வரை அவன் தின்பதைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

ஊசி முடிந்து ஊர் திரும்பினோம். மண்டலம் முடிந்தது. அதற்குமேல் மாதங்களும் ஓடின. பையன் கன்றுக்குட்டி மாதிரி துள்ளிக்கொண்டிருந்தான். வைத்தியர் வந்தார். இந்த முறையும் வேப்பிலை மெல்லச் சொன்னார். இந்த முறையும் கசந்தது.

"யாரு சமச்சது?" என்றார்.

"எங்க அண்ணிங்க" என்றார் கொழுந்தன்.

வைத்தியர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். "பத்தியம் சுத்தமா இருந்திருக்குது, அம்மிணி. ஊசியெல்லாம் மேலோட்டமுங்க. பத்தியந்தான் காப்பாத்துச்சு."

மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அத்தனை வருஷத்துக்குப் பிறகு என்னைத் தொடுகிறார். "இன்னைக்கு நீயே சோறாக்கு, சாமி. எல்லாரும் உண்கலாம்" என்றார். நான் அடுப்படிக்குப் போய் உட்கார்ந்து அடுப்பைப் பற்ற வைத்தேன். சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அந்த அடுப்பு அன்றோடு எனக்குத் திரும்பக் கிடைத்திருக்கும்.

என் மகள் வந்து நிலையில் சாய்ந்து நின்றாள். வயதுக்கு வரப்போகிற பெண். என்னிடம் அப்படி வந்து நிற்பவளே இல்லை.

"அம்மா, அன்னைக்கும் இப்பிடியே பாத்திருந்தா அப்பா இருந்திருப்பாருல்ல?"

கோபமாகச் சொல்லவில்லை. என்னை மன்னிக்கிற மாதிரி சொன்னாள். நான் இருந்த இடத்திலிருந்து எழுந்து, அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு முன்கூடத்து ஆசாரத்துக்கு வந்தேன். வைத்தியர் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"பையனுக்கு எள்ளுருண்ட குடுத்தேனுங்க. முளு உருண்ட. பத்தியத்துக்குள்ளயே. அவன் நல்லாத்தான் இருக்கறான், பாத்துக்குங்க. எள்ளுல ஒண்ணுமில்ல. எங்கூட்டுக்காரரு என்னால சாகல" என்றேன்.

என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. இப்போது எல்லாருக்கும் விளங்கிவிடும் என்று நினைத்தேன். கண் எதிரே பையன் நிற்கிறானே, இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும் என்று நினைத்தேன்.

வைத்தியர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவர் முகம் வெளுத்துப்போயிற்று. நடிப்பில்லை, குழந்தைக்காக உண்மையாகவே பயந்தார். "எத்தன நாளாச்சு?" என்றார். பிறகு, "விசம் உள்ள ஒறங்குமுங்க. பன்னண்டு வருசங் களிச்சும் எந்திரிக்கும்" என்றார். பையனின் தாய் கைக்குழந்தையைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து அவனை இழுத்து அணைத்துக்கொண்டாள். மாமியார் எழுந்து அடுப்படிக்குப் போனார். நான் பற்ற வைத்த அடுப்பில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.

என் மகள் என் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டாள். உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து பையனிடம் நீட்டினாள். எல்லாரும் அவன் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம். நானும்தான் பார்த்தேன், அதை எப்படி மறைப்பேன். அவன் மடமடவென்று குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டான்.

"இன்னைக்குக் குடிச்சுட்டான்" என்றாள் மகள், என்னைப் பார்த்து.

மறுநாள் காலையிலும் அவனைக் கூப்பிட்டு என் எதிரே நிறுத்திச் சொம்பை நீட்டினாள். அதற்கு அடுத்த நாளும் நீட்டினாள். கல்யாணமாகி அந்த வீட்டை விட்டுப் போகும்வரை அவள் அதை நிறுத்தவில்லை.